கிளிக்குக் கேரட் தெரியாது

தர்மபுரி உழவர் சந்தைக்குக் காலை ஏழு மணிக்குப் போனால், கீரைக்கார அக்கா இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் முருங்கைக்கீரைக் கட்டைப் பிரித்து, இளசாக இரண்டு கொத்து தனியாக எடுத்து வைத்துவிடுகிறார். முதல் நாள் அப்படி இல்லை.

"ரெண்டே ரெண்டு கொத்தா? அதுல என்ன பொரியல் பண்ணுவ?"

"பொரியலுக்கு இல்லக்கா, கிளிக்கு."

"கிளிக்கா! எங்க கொல்லையில ராகிக் கருத அது மொட்டை அடிக்குது. நீ காசு குடுத்து வாங்கிப் போடறியா?"

அக்கா சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது. கொல்லையில் இறங்கும் கிளி, தாய் தகப்பனோடு பறந்து, எதைத் தின்பது எதை விடுவது என்று பார்த்துப் பார்த்துக் கற்றது. கடைக் கூண்டில் பிறந்த குஞ்சு, கண் திறந்த நாளிலிருந்து தினையைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. அதன் முன்னால் கேரட் துண்டை வைப்பது, நம் தட்டில் யாரோ செங்கல் துண்டு வைப்பது மாதிரி. புதிதாக வளர்ப்பவர்கள் மூன்று நாள் வைத்துப் பார்க்கிறார்கள், அது தொடவில்லை, "எங்க கிளிக்குக் காயே பிடிக்காதுங்க" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது இன்னும் அதற்கே தெரியாது. தின்கிற பொருள் என்றே அது கேரட்டை நினைக்கவில்லை.

நான் வீட்டில் இரண்டு லவ் பேர்ட்ஸும், காக்டெயில் என்னும் கொண்டைக் கிளி ஒன்றும் வளர்க்கிறேன். மூன்றையும் தினை, சூரியகாந்தி விதையிலிருந்து காய்க்கும் கீரைக்கும் இழுத்து வர எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. செய்த தப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

எந்தக் கிளி

முதலில் ஒரு எச்சரிக்கை. நம் ஊர்ப் பச்சைக்கிளியையும், தோளில் சிவப்புப் பட்டை உள்ள பெரிய பச்சைக்கிளியையும் வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சந்தையில் யாராவது கூடைக்குள் மறைத்து வைத்து விற்றால் வாங்காதீர்கள். இந்தக் கட்டுரை வெளிநாட்டு இனங்களைப் பற்றியது: கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் பட்ஜிகள், காக்டெயில், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட், கான்யூர். சன் கான்யூர் மாதிரிப் பறவை வைத்திருந்தால் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜிக்கும் காக்டெயிலுக்கும் அந்தப் பதிவு தேவையில்லை.

பட்ஜியும் காக்டெயிலும் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிப் பறவைகள். தரையில் இறங்கிப் புல் விதை பொறுக்கித் தின்பவை. அதனால் தினை, சாமை, ராகி எல்லாம் அவற்றுக்கு ஒத்துப்போகிற தீனிதான். வள்ளி ஆலோலம் பாடி விரட்டிய கிளியும் தினைக்குத்தானே வந்தது. அரூர், பென்னாகரம் பக்கம் விளையும் தினையும் சாமையும் கடைப் பாக்கெட்டைவிடப் புதிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் காட்டில் அது தின்பது பச்சைக் கதிர், இளம்புல், இலை, மொட்டு எல்லாம் கலந்தது. காய்ந்த விதையை மட்டும் வருடக்கணக்கில் தின்றால் வைட்டமின் ஏ-யும் கால்சியமும் குறைந்துபோகும். வைட்டமின் ஏ குறைந்த பறவைக்கு வாய்க்குள் வெள்ளைத் திட்டு வரும், மூக்கு ஒழுகும், சளித்தொல்லை திரும்பத் திரும்ப வரும். கால்சியம் குறைந்த பெட்டைக்கு முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். சூரியகாந்தி விதையை மட்டும் தின்று கொழுத்த பறவைக்கு ஈரல் கெடும். காக்டெயில் நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் இருக்கும். இரண்டு மூன்று வருடத்திலேயே போய்விடுகிற பறவைகள் பலவற்றுக்கு வெறும் விதைத் தீனியும் ஒரு காரணம்.

காய்க்கு முன்னால் தராசு

கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிட்டுத்தான் காய்ப் பக்கமே போக வேண்டும். சமையலறைத் தராசே போதும். பட்ஜிக்கு மட்டும் பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் சின்னத் தராசு இருந்தால் நல்லது. ஏனென்றால் பட்ஜியின் மொத்த எடையே 30 முதல் 40 கிராம்தான். காக்டெயில் 80 முதல் 100 வரை இருக்கும். கண்ணால் பார்த்து மெலிந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க முடியாது, இறகு மறைத்துவிடும்.

தராசின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, உள்ளே ஒரு தினைக் கதிரைப் போட்டுப் பூஜ்ஜியமாக்குங்கள். கதிரைப் பார்த்து நாலு நாளில் பறவை தானாகவே டப்பாவுக்குள் இறங்கும். தினமும் காலையில், தீனி வைப்பதற்கு முன், ஒரே நேரத்தில் எடை எடுத்துக் காலண்டரில் எழுதி வையுங்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பழக்குவதை அப்படியே நிறுத்திவிட்டுப் பழைய தீனிக்குத் திரும்ப வேண்டும். 35 கிராம் பட்ஜிக்கு அது மூன்றரை கிராம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பறவை வாங்கிய கடையில், "தினையை எடுத்துடுங்க சார், பசிச்சா தானா காய் திங்கும்" என்றார்கள். மனிதப் பிள்ளைக்குச் சொல்கிற அதே யோசனை. காலையில் தினைக் கிண்ணத்தை எடுத்துவிட்டுக் கேரட்டும் வெள்ளரியும் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் நீலப் பட்ஜி கூண்டின் தரையில், இறகை உப்பி, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. கேரட் வைத்தபடியே காய்ந்து கிடந்தது. முந்தின நாள் 34 கிராம், அன்று 31. தினையைக் கொட்டியதும் கிண்ணத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு கால் மணி நேரம் தின்றது. இந்தச் சின்ன உடம்புகளுக்குக் கையிருப்பு என்று எதுவும் கிடையாது. தெரியாத பொருள் சுற்றிலும் குவிந்து கிடந்தாலும் பட்டினி கிடந்தே செத்துப்போகும்.

இன்னொன்று. தினைக் கிண்ணம் நிறைந்திருக்கிற மாதிரித் தெரியும், அதை நம்பாதீர்கள். பறவை உமியை உரித்து அதே கிண்ணத்தில் போட்டுவிடும். மேலே உமி, கீழே ஒன்றுமில்லை. ஒரு ஊது ஊதிப் பாருங்கள்.

சந்தையில் என்ன வாங்குவது

கிளிக்குக் காய் என்றதும் பலர் புரோக்கோலி, கேல் என்று தேடி ஓசூர் வரை போகிறார்கள். போகலாம், தப்பில்லை. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் விளையும் சிவப்பு, மஞ்சள் குடைமிளகாய் நல்ல பொருள்தான், பறவைகளும் விரும்பும். ஆனால் நூறு ரூபாய்க்குப் புரோக்கோலி வாங்குவதைவிடப் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தை அண்ணாந்து பார்ப்பது மேல்.

முருங்கைக்கீரைதான் என் பட்டியலில் முதலில் வரும். வைட்டமின் ஏ-க்கும் கால்சியத்துக்கும் அதற்கு ஈடாக ஓசியில் கிடைக்கும் பொருள் வேறில்லை. அடுத்து மஞ்சள் பூசணி, கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கிற காய்களில் பெரும்பாலும் உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் சத்து இருக்கிறது. கொத்தமல்லித் தழை, வெந்தயக்கீரை, பீன்ஸ், பச்சைப் பட்டாணி, இளம் கொத்தவரை, முருங்கைக்காயின் உள்சதை, பாகற்காய், மக்காச்சோளம் எல்லாம் சரி. பாகற்காயின் கசப்பை நினைத்துத் தயங்காதீர்கள், என் காக்டெயில் விதையைத் தோண்டித் தோண்டி எடுக்கும். வெள்ளரி, சுரைக்காய் பெரும்பாலும் தண்ணீர்தான். வெயிலுக்குக் கொஞ்சம் வைக்கலாம், அதுவே தீனி ஆகாது.

பசலை, சிறுகீரை, அரைக்கீரை வகைகளில் ஆக்சலேட் உண்டு, அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வாரத்தில் ஒருநாள் ஒரு இலை, அதற்கு மேல் வேண்டாம். பாலக்கோடும் ராயக்கோட்டையும் தக்காளிக்குப் பேர் போன ஊர்கள், வீட்டில் எந்நேரமும் தக்காளி இருக்கும். பழுத்த சதை எப்போதாவது ஒரு துண்டு தரலாம். புளிப்பு அதிகம் என்பதால் தினமும் வைக்க மாட்டேன். தக்காளிச் செடியின் இலை, காம்பு, பச்சைக்காய் கூடவே கூடாது.

பச்சை மிளகாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வருபவர்கள் எல்லாம் மிளகாய் தின்னும் கிளியைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்காது. நம் நாக்கில் அந்த எரிச்சலைப் பிடிக்கும் உணர்வு வாங்கி அவற்றுக்கு வேறு மாதிரி அமைந்திருக்கிறது. அதனால்தான் செடியும் தன் விதையைப் பரப்பும் வேலையைப் பறவையிடம் விட்டிருக்கிறது. பழுத்த மிளகாயில் வைட்டமின் ஏ சத்து நிறைய. தயங்காமல் கொடுங்கள். ஆனால் மிளகாய் தின்ற அலகோடு அது உங்கள் உதட்டையோ கண்ணோரத்தையோ கொஞ்ச வந்தால் அப்புறம் தெரியும் சேதி.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டக்காரர்களுக்கும் நன்றாக வாய்த்த ஒன்று உண்டு: பால் பிடித்த ராகிக் கதிர். ஆடியில் விதைத்த மானாவாரி ராகி, கார்த்திகைக்கு முன்னால் கதிர் பிடித்து, நசுக்கினால் பால் வரும் பதத்தில் இருக்கும். அந்தக் கதிரில் ஐந்தாறை, மருந்து அடிக்காத கொல்லையிலிருந்து கேட்டு வாங்கி, தண்டோடு கூண்டில் சொருகிவிடுங்கள். தினைக் கதிரும் இப்படித்தான். காய்ந்த தானியத்திலிருந்து பச்சைக்கு மாற இதைவிடச் சுலபமான பாலம் இல்லை. பார்க்கத் தெரிந்த முகம், உள்ளே இருப்பது புதுச் சுவை. நிறைய வாங்கினால் ஈரம் போகத் துடைத்து ஃப்ரீசரில் வைத்து மாதக்கணக்கில் எடுத்துக் கொடுக்கலாம்.

பழம் வாரத்தில் இரண்டு மூன்று நாள், பட்ஜிக்குச் சுண்டுவிரல் நகம் அளவு. கொய்யா, பப்பாளி, மாதுளை முத்து நல்லவை. கிருஷ்ணகிரிக்காரர்கள் மாம்பழத்தை விட மாட்டார்கள், தெரியும். கிளிமூக்கு மாங்காய் என்றே ஒன்றுக்குப் பேர் வைத்த ஊர் அல்லவா. தரலாம், ஆனால் தோலை முழுக்கச் சீவிவிட்டுச் சதை மட்டும். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் வேண்டாம், மரத்தில் பழுத்ததோ வைக்கோலில் பழுத்ததோ தெரிந்த தோப்பிலிருந்து வரட்டும். சீதாப்பழம் என்றால் ஒரு கொட்டை விடாமல் எடுத்துவிடுங்கள், கொட்டை விஷம்.

கழுவும் வேலை

நாம் காயை வேகவைத்துத் தின்கிறோம், பறவை பச்சையாகத் தின்கிறது. அதன் உடம்பும் 35 கிராம். நம்மை ஒன்றும் செய்யாத அளவு பூச்சிமருந்து அதைச் சாய்த்துவிடும். உழவர் சந்தையில் வாங்குவதில் எனக்குப் பிடித்ததே, விளைவித்தவரிடமே "அண்ணா, மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சு?" என்று கேட்கலாம் என்பதுதான். பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். "இது வேணாம், முந்தாநேத்துதான் அடிச்சேன், அடுத்த வாரம் வா" என்று ஒருவர் காலிஃபிளவரைக் கையிலிருந்து திரும்ப வாங்கி வைத்ததும் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப்போட்டு, பிறகு ஓடுகிற தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். உப்பு மிச்சம் இருக்கவே கூடாது. கேரட்டைத் தோல் சீவிவிடுங்கள். கீரையை இலை இலையாகத் திருப்பிப் பாருங்கள். திராட்சை, காலிஃபிளவர் இரண்டையும் நான் வாங்குவதையே விட்டுவிட்டேன், எவ்வளவு அலசினாலும் மனசு ஒப்பவில்லை.

சர்க்கரைவள்ளியை வேகவைக்கும்போது ஒன்று. உப்பு, எண்ணெய், மஞ்சள் எதுவும் சேர்க்காதீர்கள். அடுப்படியில் நான்ஸ்டிக் தவா காலியாகக் காய்ந்து புகைந்தால் அந்தப் புகையே பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும், நமக்கு வாசனைகூடத் தெரியாது. கூண்டைச் சமையலறைக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர்கள் இன்றே நகர்த்துங்கள்.

பழக்குவது

இதில் அவசரம் உதவாது. நோய்வாய்ப்பட்ட பறவை, இறகு உதிர்க்கிற பறவை, குஞ்சுக்கு ஊட்டுகிற பறவை என்றால் தீனியை மாற்றும் வேலையைத் தொடங்கவே வேண்டாம். புதிதாக வாங்கி வந்தது என்றால் இரண்டு வாரம் பழைய தீனியிலேயே வீட்டுக்குப் பழகட்டும்.

முதல் வாரம் தின்ன வைக்கும் நினைப்பையே விட்டுவிடுங்கள். பயம் போக வேண்டும், அவ்வளவுதான். முருங்கைக் கொத்தைத் தண்ணீர் சொட்டச் சொட்ட நனைத்து, பறவை வழக்கமாக உட்காரும் உயரமான குச்சிக்குப் பக்கத்தில் துணி கிளிப்பால் மாட்டுங்கள். ரப்பர் பேண்ட், நூல் கூடாது, காலில் சுற்றிக்கொள்ளும். பட்ஜிகளுக்கு ஈர இலையில் புரண்டு குளிப்பது பிறவிக் குணம். என் பச்சைப் பட்ஜி நாலு நாள் கூண்டின் எதிர்மூலையில் ஒண்டிக்கொண்டு கொத்தை முறைத்தது. ஐந்தாம் நாள் கழுத்தை நீட்டி ஒரு இலையின் நுனியைக் கடித்து, துப்பி, அலகைக் குச்சியில் துடைத்தது. ஏழாம் நாள் இலைக்குள் தலையை விட்டு உதறிக் குளித்தது. குளித்துக்கொண்டே ஒரு இலையை நறநறவென்று நறுக்கியது. தின்றதா என்றால் இல்லை. ஆனால் அலகுக்கு அறிமுகம் ஆகிவிட்டது. பதினோராம் நாள் காம்பு மட்டும்தான் மிச்சம்.

இரண்டாம் வாரத்திலிருந்து தட்டு. ஆழமான கிண்ணத்தைவிடத் தட்டையான தட்டு நல்லது, தரையில் பொறுக்கித் தின்னும் பறவை அல்லவா. கேரட்டையும் பூசணியையும் தேங்காய்த் துருவல் மாதிரிப் பொடியாகத் துருவி, மேலே ஒரு சிட்டிகை தினையைத் தூவுங்கள். ஈரத்தில் தினை ஒட்டிக்கொள்ளும். தினையை எடுக்கப் போகும் அலகில் கேரட்டும் சேர்ந்து வரும். முதலில் அலகை ஆட்டி ஆட்டி உதறும், சுவரெல்லாம் கேரட் ஒட்டும், வீட்டில் திட்டு விழும். நாள் போகப் போகத் தினையைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள்.

துண்டின் அளவில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பட்ஜிக்குத் துருவல் அல்லது தினையளவு நறுக்கல். காக்டெயிலுக்குத் துவரம்பருப்பு அளவு. கான்யூர் காலில் பிடித்துத் தின்னும், அதற்கு விரல் நீளத் துண்டாகவே கொடுக்கலாம். பட்ஜி முன்னால் முழுக் கேரட்டை நிறுத்தினால் அதைவிடப் பெரிய உருவம், பயந்துதான் போகும்.

நேரம் முக்கியம். பறவைக்குப் பசி உச்சத்தில் இருப்பது விடிந்ததும். இரவு விளக்கணைத்தபின் தினைக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். காலையில் எடை பார்த்துவிட்டு முதலில் காய்த் தட்டு. பட்ஜிக்கு ஒரு மணி நேரம், காக்டெயிலுக்கு ஒன்றரை மணி நேரம். தொட்டாலும் தொடாவிட்டாலும் அதற்குப் பிறகு தினை வந்தே ஆக வேண்டும். ஒரு பட்ஜிக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு டீஸ்பூன் தானியம் போதும். நாள் முழுக்கக் கிண்ணம் வழிய வழிய வைத்திருந்தால் யார்தான் புதுப் பண்டத்தைத் தேடுவார்கள்?

அப்புறம், அதன் முன்னால் உட்கார்ந்து நீங்கள் தின்னுங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. கிளிகள் கூட்டமாக வாழ்பவை, பக்கத்தில் இருப்பவர் எதைத் தின்கிறாரோ அதன்மேல் கண் போகும். என் காக்டெயில் சாம்பு, தட்டில் வைத்த கேரட்டை ஆறு வாரம் சீண்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேரட்டைக் கடித்துக்கொண்டே பேப்பர் படித்தேன். கொண்டையைத் தூக்கிக்கொண்டு கம்பியோரம் வந்தது. கையிலிருந்த துண்டை நீட்டினேன், வாங்கியது. தட்டிலும் அதே கேரட்தான் கிடந்தது. ஏற்கெனவே காய் தின்னும் பறவை ஒன்று பக்கத்துக் கூண்டில் இருந்தால் உங்கள் வேலை பாதியாகிவிடும். வாயில் கடித்த துண்டை மட்டும் கொடுக்காதீர்கள், நம் எச்சிலில் உள்ள கிருமி அவற்றுக்கு ஆகாது.

சில பறவை ஒரு வாரத்தில் பழகும், சிலது மூன்று மாதம் எடுக்கும். ஒரே காயைத் தொடர்ந்து பதினைந்து நாளாவது வையுங்கள். தினம் ஒரு காய் என்று மாற்றினால் எதுவுமே பழகாது.

எச்சத்தைப் பாருங்கள்

கூண்டின் அடியில் வெள்ளைத் தாள் போடுங்கள். எச்சத்தில் மூன்று பகுதி இருக்கும்: பச்சையாகவோ பழுப்பாகவோ சுருண்ட மலம், சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, சுற்றிலும் கொஞ்சம் தெளிந்த நீர். காய் தின்னத் தொடங்கியதும் அந்த நீர் கூடும். வயிற்றுப்போக்கு என்று பயந்து பலர் காயை நிறுத்திவிடுகிறார்கள். நடுவில் சுருள் உருவம் கலையாமல் இருந்தால் அது காயில் இருந்த தண்ணீர்தான். சுருளே கரைந்து கூழாகி, பின்பக்க இறகில் ஒட்டிக்கொண்டால்தான் கவலை.

எங்கள் வீட்டில் ஒருநாள் காலையில் அம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "டேய், ரத்த ரத்தமாப் போகுதுடா!" ஓடிப்போய்ப் பார்த்தால் தாளெல்லாம் சிவப்பு. முந்தின நாள் பீட்ரூட் வைத்திருந்தேன். பீட்ரூட் வைத்தால் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வையுங்கள்.

ஒரு நாளுக்கு மேல் எச்சம் கெட்டிருந்தாலோ, பறவை உப்பி உட்கார்ந்தாலோ காத்திருக்க வேண்டாம். அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டுங்கள், கூண்டுப் பறவை பார்த்துப் பழகியவர் அங்கே இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான். எடை எழுதிய காலண்டர் தாளையும் கையோடு கொண்டு போங்கள்.

கூடவே கூடாதவை

பட்டர் ஃப்ரூட் முதலில். ஓசூர் ஜூஸ் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது, நம் உடம்புக்கு நல்லது என்பதால் பறவைக்கும் கொஞ்சம் என்று கை நீளும். அதிலுள்ள பெர்சின் என்ற நஞ்சு பறவையின் இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும், ஓரிரு நாளில் உயிர் போகும். சாக்லேட், காபி, டீ, மது எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களை உடைக்கும். ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

பாப்பிரெட்டிப்பட்டி, அரூர்ப் பக்கத்தவர்களுக்குக் குறிப்பாக: மரவள்ளிக்கிழங்கு பச்சையாக வேண்டாம், அதன் இலையும் வேண்டாம். சயனைடு விடும் பொருள் இரண்டிலும் உண்டு. வேகாத ராஜ்மா, காய்ந்த மொச்சை, அவரை விதைகளும் விஷம், நன்றாக வெந்தால் மட்டுமே சரி.

நிலக்கடலையில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை நஞ்சு இருக்கலாம். ஈரத்தில் கட்டி வைத்த மூட்டையிலிருந்து, கறுத்தது சுருங்கியது எதையும் எடுக்காதீர்கள். எனக்குச் சந்தேகமே வேண்டாம் என்று கடலையையே நிறுத்திவிட்டேன். முறுக்கு, மிக்சர், பிஸ்கட் எல்லாம் உப்பும் எண்ணெயும் சர்க்கரையும். பாலைச் செரிக்கிற திறன் பறவைக்குக் கிடையாது. வீட்டுக்கு வரும் பெரியம்மாமார்கள் பாலில் தோய்த்த பிஸ்கட்டோடு கூண்டை நெருங்குவார்கள். கை நீட்டுமுன் மிளகாயை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள், அந்த வேடிக்கையில் பிஸ்கட் மறந்துபோகும்.

புல்லும் கிளையும் வெளியே ஒடிக்கும்போது அரளியை நெருங்காதீர்கள். நெடுஞ்சாலை நடுவில் வரிசையாகப் பூத்து நிற்பது அதுதான், பூவுக்காக வயலிலும் வளர்க்கிறார்கள். இலை, பூ, குச்சி எல்லாமே கொல்லும். உட்காரும் குச்சிக்குக் கொய்யா, வேம்பு, முருங்கை போதும்.

வெயிலும் தண்ணீரும்

சித்திரை வெயிலில் தர்மபுரியில் நறுக்கிய காய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. தேன்கனிக்கோட்டைக் குளிரில் இன்னும் ஒரு மணி நேரம் விடலாம். நேரமானதும் மிச்சத்தை எடுத்துக் கொட்டிவிட்டுத் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். மதியம் வைத்த கொய்யாவை நான் ஒருமுறை சாயங்காலம் வரை மறந்துவிட்டேன், சாம்பு அதைத் தின்று இரண்டு நாள் வாந்தி எடுத்தது. முளைகட்டிய பச்சைப்பயறு இன்னும் ஆபத்து. எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நாளைக்கு மூன்று முறை அலசி, வெள்ளை முளை தலைகாட்டியதுமே கொடுத்துவிட வேண்டும். பிசுபிசுப்போ புளித்த வாடையோ வந்தால் குப்பைக்கு.

தண்ணீர் நீங்கள் குடிக்கும் தண்ணீராகவே இருக்கட்டும். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் காரணம். கீரையை நனைத்துக் கொடுப்பதும் அதே குடிநீரில்தான். கால்சியத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள், கணவாய் ஓடுதான் அது. பறவைக் கடையில் அதையே பாக்கெட்டில் போட்டு நாலு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். ஒரு துண்டைக் கம்பியில் கட்டிவிட்டால் மாதக்கணக்கில் கொறிக்கும்.

இன்று காலை எடை: பச்சை 35, நீலம் 34, சாம்பு 92. தட்டில் பூசணித் துருவல் காலி, பீன்ஸ் பாதி மிச்சம். முருங்கைக் கொத்தில் வழக்கம்போலக் காம்பு மட்டும் தொங்குகிறது. நாளைக்கு அக்காவிடம் மூன்று கொத்தாகக் கேட்க வேண்டும்.